முன்னால் நகர்ந்த சீட்

பென்னலூரில் அன்று மதியம் கவிப்பிரியாவின் கம்பெனி பஸ் வரவில்லை. வந்திருந்தால் அவள் பாட்டுக்கு ஒரகடத்துக்குப் போய், செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டும் லைனில் நின்றிருப்பாள். வீட்டில் ஒரு ரகளையும் நடந்திருக்காது. ஆனால் விடாமல் பெய்த கார்த்திகை மழையில் ரோட்டில் முழங்கால் தண்ணீர். ‘செகண்ட் ஷிப்ட் லீவு’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்துவிட்டது.

மழை சற்று ஓய்ந்திருந்தது. ஈரம் காயாமல் நாற்றமடிக்கத் தொடங்கியிருந்த துணிகளை அள்ளிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் டிராக்டர் ஷெட்டுக்குப் போனாள். டிராக்டரை விற்று வருஷக்கணக்காகிறது. இப்போது அந்த ஷெட்டில் குடியிருப்பது அவளுடைய சக்களத்தி.

பயந்துவிடாதீர்கள், கார்தான்.

சிவப்பு நிறம், இரண்டே கதவு, இரண்டே சீட். கவிப்பிரியாவின் புருஷன் எழிலரசன் கார் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். குடும்பத்தோடு போகிற கார்களாகத் தன் லைனில் ஓடுவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவன், தனக்கென்று வாங்கும்போது யாரோ ஓட்டிய இந்த ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்தான். தெருப் பெண்கள்தான் அதற்கு ‘உன் சக்களத்தி’ என்று பெயர் வைத்தார்கள். கவிப்பிரியாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், கம்பெனி அவனை ஜெர்மனிக்கு டிரெயினிங் அனுப்புகிற வரைக்கும்.

கிளம்புகிற அன்று அவன் கார் சாவியைப் பெண்டாட்டி கையில் கொடுக்கவில்லை. மாடி ரூமில் வாடகைக்கு இருக்கும் இசக்கிசெல்வியின் கையில் கொடுத்தான். சென்ற அத்தியாயங்களில் கவிப்பிரியா வயிறு எரிந்ததெல்லாம் இந்த ஒரு காரியத்துக்குத்தான்.

இசக்கிசெல்வி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். எழிலரசன் வேலை பார்க்கும் அதே தொழிற்சாலையில், லைனை விட்டு இறங்கும் புதுக் கார்களை டெஸ்ட் டிராக்கில் ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. தண்ணீர் தேக்கிவைத்த பாதையில் பிரேக் அடித்து வண்டியைச் சுழலவிட்டுத் திரும்பப் பிடிப்பாளாம். எழிலரசன் இதை ஒரு நாள் சோறு சாப்பிட்டுக்கொண்டே கண் விரியச் சொன்னான். கவிப்பிரியா அன்று குழம்பை மறுபடி ஊற்றவில்லை.

“எல்லா காரையும் முன்சக்கரம் இழுக்கும் கவி. இத்த பின்சக்கரம் தள்ளும். ஈர ரோட்ல ஒரு மிதி ஜாஸ்தியா மிதிச்சா வாலு சுத்திக்கும். இசக்கிக்கு அது அத்துப்படி. உனக்கு வேணாம்.”

‘உனக்கு வேணாம்’ என்ற அந்த வார்த்தை அவளுக்குள் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

தை பிறக்கும் வரை வண்டி வெளியே போகக் கூடாது என்பது அவன் உத்தரவு. பேட்டரி ஒயரைக் கழற்றிவைத்தான். டயரில் காற்றைக் கூடுதலாக அடைத்தான். ஹேண்ட்பிரேக் போட்டால் இறுகிவிடும் என்று சக்கரங்களுக்குச் செங்கல் வைத்து, மேலே கவரைப் போட்டு மூடினான். ஒரே இடத்தில் நின்றால் டயர் தட்டையாகும், ஆகவே பத்து நாளைக்கு ஒரு தடவை இசக்கி வந்து வண்டியை ஒரு முழம் நகர்த்த வேண்டும். வெள்ளம் வந்தால் மேட்டுக்கு ஓட்டிப் போக வேண்டும். சாவி அவளிடம் இருப்பது அதற்காக மட்டும்தான்.

நியாயம் பார்த்தால் எல்லாம் சரிதான். பொறாமை என்றைக்கு நியாயம் பார்த்தது?

கவிப்பிரியா கொடி கட்டினாள். கயிற்றை முடிபோடக் குனிந்தபோது, கவரின் ஓரம் ஒரு பக்கம் சரியாக மூடாமல் தூக்கிக்கொண்டிருந்தது. சக்களத்தியின் முகத்தைப் பார்த்து நாளாயிற்றே என்று இன்னும் கொஞ்சம் தூக்கி, கண்ணாடியில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்தாள்.

பார்த்தவள் கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டாள்.

கவிப்பிரியா நல்ல உயரம். முதல் தடவை இந்த வண்டியில் ஏறியபோது முட்டி முன்னால் இடித்தது. எழிலரசன் இடது பக்கத்துச் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளிவிட்டு, “இது இனிமே உன் சீட்டு. யாரு வந்தாலும் இத்த நவுத்த வுடமாட்டேன்” என்றான். ஆயுத பூஜை அன்று, தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னான். அன்றைக்கு அவளுக்கு இருந்த பெருமைக்கு, சக்கரத்துக்கடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம்கூட இனித்திருக்கும்.

அந்தச் சீட் இப்போது முன்னால் இழுத்துவிடப்பட்டிருந்தது. குட்டையான ஓர் ஆள் வசதியாக உட்கார்ந்து போகிற அளவுக்கு.

கவிப்பிரியாவுக்கு அந்த நேரத்தில் உலகத்திலேயே ஒரே ஒரு குட்டைப் பெண்தான் தெரிந்தாள். அவள் மாடியில் இருக்கிறவள்.

கணக்கு மளமளவென்று ஓடியது. ஊருக்குப் போகிறதற்கு முதல் நாள் வண்டியை மூடியவன் அவன். மூடிய பிறகு வண்டி வெளியே போகவில்லை. அப்படியானால் சீட் நகர்ந்தது அதற்கு முன்னால். ஓட்டியவன் அவன். பக்கத்தில் உட்கார்ந்தவள்? ஈர ரோட்டில் வண்டி எப்படி வாலை ஆட்டும் என்று சொல்லிக்கொடுத்தபடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, முடி பறக்க...

போதும். இனி இந்த வீட்டில் என்ன இருக்கிறது? சாயந்திரத்துக்குள் படப்பையில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவது. அவன் திரும்பி வந்து வாசலில் நின்றாலும் வருவதில்லை. மனசு அப்போதே பையை எடுத்துவைக்க ஆரம்பித்துவிட்டது.

வீட்டுக்குள் மாமியார் மீனம்மாள் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அத்தே, அவரு ஊருக்குப் போறதுக்கு முன்ன இசக்கிய வண்டில ஏத்திகினு போனாரா?”

மீனம்மாளின் கையில் முறம் நின்றது. “எந்த வண்டி?”

“நம்ம வூட்ல எத்தினி வண்டி கீது? அந்த வண்டிதான். என் சீட்ட எவளோ முன்னாடி இழுத்து வுட்ருக்கா.”

“எனக்கு இன்னாடி தெரியும்? அவன் வண்டி. யார வேணா ஏத்துவான்.” முறம் மறுபடி வேகமாக ஆடியது. கொள்ளு பாதி தரையில் சிதறியதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

முதல் ஷிப்ட் முடிந்து இசக்கிசெல்வி வந்தபோது மணி மூன்றுக்கு மேல். பேன்ட்டை முட்டிவரை சுருட்டிவிட்டு, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறப்போனவளைக் கவிப்பிரியா குறுக்கே நின்று மறித்தாள்.

“நில்லு. உன்ன ஒண்ணு கேக்கணும். வண்டில அந்தாண்ட சீட்ல குந்தினது யாரு?”

இசக்கிசெல்வி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அடுக்களை ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

“இன்னா அங்க பாக்கற? என்ன பாத்து சொல்லு.”

“யக்கா, அத மட்டும் எங்கிட்ட கேக்காதீய.”

“அப்போ தெரியும். உனக்குத் தெரியும்!”

“தெரியும். ஆனா நாஞ் சொல்லமாட்டேன். சொல்லமாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்.”

“யாருக்கு? என் வூட்டுக்காரருக்கா?”

“என்னக்கா சொல்லுதீய?” ஷூ கையிலிருந்து கீழே விழுந்தது. “அண்ணன நான் அண்ணன்னுதானே கூப்பிடுதேன். வாயக் கழுவுங்க.”

“என் வாய நான் கழுவிக்கறேன். நீ வூட்ட காலி பண்ணு. மாசம் முடியற வரைக்கும் நான் பாக்கமாட்டேன். சாவிய குட்த்துட்டு இன்னிக்கே கெளம்பு.”

இசக்கிசெல்விக்குக் கண் சிவந்துவிட்டது. ஆனால் குரல் உயரவில்லை. “சாவி எங்கிட்ட இல்ல. ஒங்க வீட்டு சாமி மாடத்துல, முருகன் படத்துக்குப் பின்னால கெடக்கு. நான் ஷிப்ட்டுக்குப் போகையில வெள்ளம் கிள்ளம் வந்தா யாராவது வண்டிய நவுத்தணுமேன்னு, முதல் நாள்லருந்து அங்கதான் வெச்சிட்டுப் போறேன். போயி எடுத்துக்கிடுங்க.”

கவிப்பிரியா இத்தனை நாள் எந்தச் சாவிக்காகப் புழுங்கிச் செத்தாளோ, அந்தச் சாவிக்குத் தினமும் அவளேதான் விளக்கேற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியதே தவிர, ஒரு நிமிஷம் நின்று யோசிக்கத் தோன்றவில்லை. கோபக்காரிகளுக்கு நல்ல தகவல் கிடைத்தாலும் பிரயோஜனமில்லை.

எழிலரசனை வீடியோவில் கூப்பிட்டாள். தலையில் கம்பளிக் குல்லாவோடு திரையில் வந்தான். அவனுக்குப் பின்னால் மரம், மதில், தரை எல்லாமே வெள்ளையாக இருந்தன.

“கவி! இங்க பாரேன், பனி எப்படி கொட்டிகினு கீது. எங்க டிரெயினரும் நம்மள மாதிரி பின்சக்கர வண்டிதான் வெச்சிகினு கீறாரு. அக்டோபர்லயே மூடிட்டாராம், மார்ச்லதான் வெளிய எடுப்பாராம். பனிக்கு அவுரு, மழைக்கு நானு. நான் மூடி வெச்சது கரெக்டுதான் பாத்தியா? வண்டி எப்படி கீது?”

“வண்டிய விசாரிச்சிட்டீங்க. பொண்டாட்டி எப்படி கீறான்னு எப்போ கேப்பீங்க?”

“கேக்கத்தான் வந்தேன், அதுக்குள்ள...”

“இடது பக்கத்து சீட்டு யாரு சீட்டுங்க?”

“உன்னுதுதான். இன்னா திடீர்னு?”

“அது முன்னாடி கீது.”

“முன்னாடியா?” எழிலரசன் நெற்றியைச் சுருக்கினான். “நான் தொடவே இல்லியே கவி. கவரு போடும்போது பின்னாலதான் இருந்துது. சத்தியமா. சரி, ஒண்ணு பண்ணு. இசக்கிகிட்ட ஃபோன குடு, அவ பாத்து கரெக்டா சொல்லுவா.”

உலகத்தில் ஆயிரம் பதில் இருக்க, அந்த மனுஷன் இதைத்தான் சொன்னான்.

“நீயே அவளுக்குப் போட்டு கேட்டுக்கோ!” கல்யாணமான நாளிலிருந்து காப்பாற்றி வந்த ‘நீங்க’ அத்தோடு உடைந்தது. போனைக் கட் பண்ணிவிட்டுக் கட்டிலில் விழுந்து அழுதாள்.

அழுது முடித்துப் பையில் புடவைகளை அடைத்தாள். அடைக்கும்போதே ஒரு யோசனை. படப்பையில் அண்ணன் ஆதாரம் கேட்பான். அந்தச் சீட்டை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். முருகன் படத்துக்குப் பின்னால் கைவிட்டாள். சாவி இருந்தது. எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு நடந்தாள். மழை மறுபடி தூற ஆரம்பித்திருந்தது.

இந்தத் தடவை ஓரத்தைத் தூக்கவில்லை. கவரை ஒரே இழுப்பாக இழுத்துக் கீழே போட்டாள்.

போட்டோ எடுக்கத் தூக்கிய போன் பாதியில் நின்றது. சக்கரங்களிலும் கதவின் அடிப்பாகத்திலும் சேறு அப்பியிருந்தது. காயாத சேறு. பின் கண்ணாடி வரைக்கும் தெறித்திருந்தது.

எழிலரசன் கழுவித் துடைத்து மூடிய வண்டி இது. அவன் போன பிறகு யாரோ வெளியே எடுத்திருக்கிறார்கள். அதுவும் இந்த மழையில், இந்த ஒன்றிரண்டு நாளுக்குள்.

கதவைத் திறந்தாள். ஓட்டுகிற சீட் பின்னால் தள்ளியே கிடந்தது. இசக்கி ஓட்டியிருந்தால் அதை முன்னால் இழுத்திருப்பாள். அவள் காலுக்கு அங்கிருந்து பிரேக் எட்டவே எட்டாது. இந்தப் பக்கம், முன்னால் நகர்ந்த சீட்டின் முதுகில் ஒரு சின்னத் தலையணை சாத்தியிருந்தது. பழைய சுங்குடிப் புடவையைக் கிழித்துத் தைத்த உறை.

அந்தத் தலையணையை அவளுக்குத் தெரியும். இடுப்பு வலி என்று மாமியார் நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் முதுகுக்கு வைத்துக்கொள்வது அதுதான்.

பின்னால் போய் டிக்கியைத் திறந்தாள். குப்பென்று ஒரு நாற்றம். உள்ளே இரண்டு நெல் மூட்டை கிடந்தன. ஒன்று கிழிந்து உமியும் எலிப் புழுக்கையுமாக இறைந்திருந்தது. மூட்டைக்குப் பின்னால் விளக்குக்குப் போகும் ஒயர்கள் கடித்துத் துண்டாகித் தொங்கின. இரண்டு எலிகள் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒயர் போகிற ஓட்டை வழியாகக் காருக்குள்ளேயே நுழைந்து ஓடின.

“தொறந்துட்டியா?”

ஷெட் வாசலில் மீனம்மாள் குடை பிடித்தபடி நின்றிருந்தாள்.

“அத்தே... நீங்களா?”

“ஆமா. நான்தான் குந்தினேன். இன்னா இப்போ?” குரலில் வீம்பு இருந்தது. “ரெண்டே ரெண்டு சீட்டு வெச்ச வண்டிய வாங்கியாந்து வாசல்ல நிறுத்தினான் பாரு, அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சி போச்சு, அதுல எனக்கு எடம் இல்லன்னு. பூசணிக்காய சுத்தினது நானு. குங்குமம் வெச்சது நானு. ஒடனே உன்ன ஏத்திகினு பூந்தமல்லி வரைக்கும் போனான். நான் வாசல்லியே நின்னுகினு இருந்தேன். திரும்பி வந்தப்பறமாச்சும் ‘ஏறும்மா’ன்னு சொல்லுவான்னு பாத்தேன். சொல்லலடி.”

கவிப்பிரியாவுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. மாமியார் வாசலில் நின்றதும் ஞாபகம் இருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்து, பெருமையாகக் கை ஆட்டிவிட்டுப் போனாள் அவள்.

“வண்டிய யாரு ஓட்டினது?”

“ராஜாமணி.”

அந்தப் பெயர் இந்த வீட்டில் காதில் விழுந்து நாளாகியிருந்தது. ராஜாமணி மூத்த மகன். அடுத்த தெருவில் இருக்கிறான். துறைமுகத்துக்குப் புதுக் கார்களை ஏற்றிப் போகும் டிரெய்லர் லாரிக்கு டிரைவர். அண்ணன் தம்பி இரண்டு பேரும் பனைமர உயரம். அதே ஆயுத பூஜை அன்று தம்பியின் புது வண்டியில் ஆசையாக ஸ்டீயரிங்கைப் பிடித்தவனை, “அண்ணே, இது லாரி இல்ல. பின்சக்கர வண்டி, உனக்கு வராது” என்று எழிலரசன் கையை எடுக்கச் சொன்னான். “லாரிய மட்டும் எந்தச் சக்கரம்டா தள்ளுது?” என்று கேட்டுவிட்டுப் போனவன்தான். அதற்குப் பிறகு கவிப்பிரியா இருக்கும்போது இந்தப் படி மிதித்ததில்லை.

“நீ ஷிப்ட்டுக்குப் போனப்புறம் வருவான். சாமி மாடத்துலருந்து சாவிய எடுத்துக் குடுப்பேன், பேட்டரி ஒயர மாட்டுவான். செம்பரம்பாக்கத்துக்குப் போய் கரை மேல நின்னு, ஏரி ரொம்பறத பாத்துட்டு வருவோம். ‘வண்டின்னா ஓடணும்மா, கட்டிப்போட்ட மாடு கால் வீங்கிக்கும், ஜெர்மனிக்குப் போறேன்னு மூடி வெச்சிட்டான் பாரு’ன்னு சொல்லுவான். ஸ்டீயரிங்க புடிச்சதும் அவன் மூஞ்சிய நீ பாத்திருக்கணும். சின்னப் புள்ளயாட்டம்.”

“அந்த நெல்லு?”

“காலி லாரி மழைல வாலு ஆட்டும், லோடு போட்டா ஆட்டாதுன்னான். நான்தான் ரெண்டு மூட்ட எடுத்து வைக்கச் சொன்னேன்.” மீனம்மாள் அப்போதுதான் டிக்கிக்குள் எட்டிப் பார்த்தாள். அறுந்து தொங்கும் ஒயர்களைப் பார்த்ததும் அவள் வீம்பெல்லாம் இறங்கிவிட்டது. “அய்யோ, எலி புகுந்துட்சா? வாலு ஆட்டவே இல்லடி, நெல்லு போட்டப்புறம் நல்லாத்தான் போச்சு...”

கவிப்பிரியாவுக்கு ஒரு பக்கம் நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது. புருஷன் சுத்தம். இன்னொரு பக்கம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவளுக்குப் புதுசாக ஒரு எரிச்சல். ஏரி நிரம்பும்போது கூட்டிப்போகிறேன் என்று எழிலரசன் வாக்குக் கொடுத்தது அவளுக்கு. முதலில் பார்த்துவிட்டு வந்தது மாமியார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“இசக்கிக்குத் தெரியுமா?”

“மொதல் தடவ வண்டிய நவுத்த வந்தப்பவே கிலோமீட்டர பாத்து கண்டுபுடிச்சிட்டா. எம்மேல சத்தியம் பண்ண வெச்சேன், யாருகிட்டயும் சொல்லாதன்னு.”

“நான் அவள படில நிக்க வெச்சி கேட்டேனே அத்தே. நீங்க அடுப்பாண்டதானே இருந்தீங்க?”

மீனம்மாள் கிழிந்த மூட்டையின் வாயை இழுத்து மூடப் பார்த்தாள்.

மாடிப்படியில் சூட்கேஸ் தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது. கவிப்பிரியா குடையும் இல்லாமல் ஓடினாள்.

இசக்கிசெல்வி தோளில் ஒரு பையும் கையில் சூட்கேசுமாக கேட்டைத் தாண்டியிருந்தாள். கவிப்பிரியா பின்னாலிருந்து சூட்கேசின் பிடியைப் பிடித்தாள்.

“இசக்கி, போவாத. தப்பு என்னுது. எல்லாம் தெரிஞ்சிட்சு. தெரியாம பேசிட்டேன்.”

“வுடுங்கக்கா. கம்பெனி ஹாஸ்டல்ல ஒரு பெட்டு காலியா இருக்குன்னு சொல்லிட்டாவ.”

“நான்தான் புத்தி கெட்டு...”

“நீங்க பேசினதுகூட எனக்குப் பெருசில்ல. கட்டுனவ, சந்தேகம் வந்தா கேக்கத்தான் செய்வீய.” இசக்கிசெல்வி கவிப்பிரியாவைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, பின்னால் மெல்ல நடந்து வந்த மீனம்மாளைப் பார்த்தாள். “இந்தம்மா உள்ளருந்து ஒரு வார்த்த சொல்லுவாவன்னு நின்னேன். ‘அந்தப் புள்ள அப்பிடி இல்ல’ன்னு ஒரே ஒரு வார்த்த. அவிய ரகசியத்தக் கூட சொல்லவேண்டாம். அத மட்டும் சொல்லியிருக்கலாம்லா? நீங்க என்னிய அவ்வளவு பேசும்போதும் அடுக்களைல முறத்துச் சத்தம் நிக்கலக்கா.”

மீனம்மாள் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

கவிப்பிரியாவின் கையில் போன் அடித்தது. எழிலரசன். அவள் எடுத்து, தான் பேசாமல், மாமியாரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“நீங்க பேசுங்க அத்தே.”

“கவி, அழுவாத கவி, நான் அடுத்த பிளேனுக்கே...” என்று ஆரம்பித்தவன் அம்மாவைப் பார்த்து நிறுத்தினான்.

“நான்டா.” மீனம்மாள் குடையைக் கீழே போட்டுவிட்டுப் போனை வாங்கினாள். மழை நேராகத் தலையில் விழுந்தது. “உன் பொண்டாட்டி சீட்ட முன்னாடி இழுத்தது நான். உன் வண்டில ஏறி ஊரு சுத்தினது நான். இசக்கி மேல ஒரு தப்பும் இல்ல. அந்தப் பொண்ணு தங்கம். நான் சொல்லாம வுட்டேன், அது என் தப்பு.”

எழிலரசன் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தான். “நீயாம்மா? அந்த வண்டில? மழைலயா? யாரும்மா ஓட்டினது?”

மீனம்மாள் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்த அமளியில், இன்றைக்கு வராதே என்று ஒரு போன் போட அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. தெருமுனையில் ராஜாமணி வந்துகொண்டிருந்தான். சலவைச் சட்டை, படிய வாரிய தலை, கழுத்தில் பவுடர், கையில் குடை. தம்பி பெண்டாட்டி ஷிப்ட்டுக்குப் போயிருப்பாள் என்ற தைரியத்தில், எப்போதும் போலத் தூரத்திலிருந்தே குரல் கொடுத்தான்.

“யம்மா, ரெடியா? ஏரில தண்ணி தொறந்துவுடறானுங்களாம்!”

கேட்டருகே வந்த பிறகுதான் கவிப்பிரியாவைப் பார்த்தான். சூட்கேசைப் பார்த்தான். அம்மாவின் கையிலிருந்த போனில் தம்பியின் முகத்தைப் பார்த்தான். குடையை மடக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நின்றான்.

அண்ணனின் குரல் போனில் எழிலரசனுக்கும் கேட்டுவிட்டது, ஆனால் அவனைத் திட்டவில்லை. வண்டியைப் பற்றியும் கேட்கவில்லை. அம்மாவைத்தான் கேட்டான்.

“அவன்கிட்ட கேட்டு ஏறியிருக்க. என்ன ஒரு நாளாச்சும் கேட்டியாம்மா, ‘என்ன ஏத்திகினு போடா’ன்னு? அவன மட்டும் கேட்டியா?”

“கேட்டாதான் ஏத்துவியாடா?” என்றாள் மீனம்மாள்.

எழிலரசன் போனைக் கீழே இறக்கிவிட்டான் போலிருக்கிறது. திரையில் அவன் இல்லை. பனி பெய்துகொண்டிருந்தது. அதன்மேல் பென்னலூர் மழையும் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

ராஜாமணி பார்வையைத் திருப்பி, வீட்டுச் சந்து வழியாகப் பின்னால் தெரிந்த ஷெட்டைப் பார்த்தான். கவர் இல்லாமல், டிக்கி திறந்து நின்றது கார். “யாரு அத்த தொறந்து வெச்சது?” என்று கேட்டுக்கொண்டே அந்தப் பக்கம் நடந்தான். எலி கடித்த ஒயரை அவன் இன்னும் பார்க்கவில்லை.

“யம்மா, ஏறுறியா இல்லியா?” ஷேர் ஆட்டோக்காரர் பொறுமையிழந்து கத்தினார். “ரோட்ல தண்ணி ஏறிகினு கீது. அப்பறம் நான் போவமாட்டேன்.”

இசக்கிசெல்வி சூட்கேசைத் தன் பக்கம் இழுத்தாள். அது நகரவில்லை.

“கைய எடுங்கக்கா.”

கவிப்பிரியா எடுக்கவில்லை.